சூரியனும் நட்சத்திரமும்: சுதந்திரவாத வேட்பாளர்களைத் தமிழக முற்போக்கு வாக்காளர் எதிர்கொண்ட விதம் (1959–1971)

ஆய்வுச்சுருக்கம்

1967 சட்டமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகமும் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் கொண்ட உடன்பாடு பெரும்பாலும் சந்தர்ப்பவாதம் என்றோ வெறும் வாக்குக் கணக்கு என்றோ மதிப்பிடப்பட்டு வருகிறது. இம்மதிப்பீடு வாக்காளரைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். முற்போக்கு வாக்காளர் இராஜாஜி பேசிய சுதந்திரத்தை முழுதாக ஏற்கவுமில்லை, முழுதாகத் தள்ளவுமில்லை. மொழி, மாநில உரிமை, தில்லியின் உரிம அதிகாரம் ஆகியவற்றில் அவரோடு நின்றனர். சாதியிலும் சொத்திலும் விலகினர். 1967, 1969 ஆகிய ஆண்டுகளின் குடியரசுத் தலைவர் தேர்தல்களையும் இணைத்து நோக்கும்போது இவ்வெல்லைக்கோடு தெளிவாகிறது.

திறவுச்சொற்கள்: சுதந்திராக் கட்சி, இராஜாஜி, தி.மு.க., சொத்துரிமை, கோலக்நாத் தீர்ப்பு, குடியரசுத் தலைவர் தேர்தல், தென் சென்னை

1. முன்னுரை

1967 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரசை எதிர்த்து ஓரணியில் நின்ற கட்சிகளைப் பட்டியலிட்டால் வியப்பே மிஞ்சும். நிலச் சீர்திருத்தத்தைக் கோரிய மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும், நில உச்சவரம்பை எதிர்த்த சுதந்திராக் கட்சியும் அதில் இருந்தன. 1952இல் முதலமைச்சரானபோது கம்யூனிஸ்டுகளே தமது முதல் எதிரி எனச் சட்டமன்றத்தில் அறிவித்தவர் இராஜாஜி. உணவுக் கட்டுப்பாட்டை அதே ஆண்டில் நீக்கியவரும் அவரே. ஆனால் 1967இல் அவர் வாக்குக் கேட்ட அணியின் தலைமைக் கட்சி, ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாக உறுதியளித்திருந்தது. சந்தை விலையில் அரசு தலையிடக் கூடாது என்று எழுதிவந்த ஒருவர், அரிசி விலையை அரசே நிர்ணயிக்கப்போகும் கட்சிக்காக மேடையேறினார்.

இம்முரணைத் தலைவர்களின் தந்திரமாக விளக்குவது எளிது. ஆனால் சுதந்திராக் கட்சி போட்டியிட்ட 27 தொகுதிகளில் 20இல் வென்றது. அங்கு நட்சத்திரச் சின்னத்தில் முத்திரையிட்ட கைகளுள் பெரும்பகுதி, பக்கத்துத் தொகுதியில் இருந்திருந்தால் உதயசூரியனில் முத்திரையிட்டிருக்கும். 1962இல் 90க்கு மேற்பட்ட தொகுதிகளில் தனித்துப் போட்டியிட்டு ஏறத்தாழ 8 விழுக்காடு வாக்குப் பெற்ற சுதந்திராக் கட்சிக்கு 6 இடங்களே கிடைத்தன. 1967இல் அதன் மொத்த வாக்கு 5 விழுக்காட்டளவில் குறைந்தது. இடங்களோ 20 ஆயின. எனவே அவ்வாக்குகளின் பெரும்பகுதி பிறர் வாக்கு. அந்தப் பிறர் யார், எதை எண்ணி அளித்தனர் என்பதே இங்குக் கேள்வி.

'முற்போக்கு வாக்காளர்' என்னும் தொடர் இக்கட்டுரையில் சுயமரியாதை, மொழியுரிமை, பொதுவுடைமை, சோசலிசம் ஆகிய மரபுகளின் வழிவந்த வாக்காளரைக் குறிக்கும். கட்சிகளின் உடன்பாடுகள், கோரிக்கைகள், தேர்தல் முடிவுகள் ஆகியவற்றின் வழியே அவர்தம் மனப்போக்கு அணுகப்படுகிறது.

2. சுதந்திரவாதம் என்னும் சொல்

அரசின் கை குறுகவும், தனியாளின் சொத்து, தொழில், பேச்சு ஆகியவற்றின் எல்லை விரியவும் வேண்டும் என்னும் கொள்கையைச் 'சுதந்திரவாதம்' என இங்குக் குறிப்பிடுகிறோம். 1959 சனவரியில் நாகபுரி காங்கிரசு மாநாடு கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு எதிர்வினையாக அவ்வாண்டு சூன் 4இல் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. என்.ஜி. ரங்கா தலைவர், இராஜாஜி, மினு மசானி, கே.எம். முன்ஷி ஆகியோர் முன்னணியினர். கட்சியின் 21 கொள்கைகளுள் ஒன்று, அக்கொள்கைகளுக்கு அப்பாற்பட்ட பொருள்களில் உறுப்பினர் தம் விருப்பப்படி கருத்துக்கொள்ளலாம் என்பது. ஒரு கட்சி தன் உறுப்பினருக்கே இத்தகைய விலக்களித்தது இந்திய அரசியலில் அரிது. பிறர் அதனோடு பாதி வழி மட்டும் நடக்க இவ்விலக்கு இடமளித்தது.

இராஜாஜியைத் தூய சுதந்திரவாதி எனல் பொருந்தாது. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். ஒருவன் எதைக் குடிக்கலாம் என்பதை அரசு முடிவு செய்வதில் அவருக்குத் தயக்கமிருந்ததில்லை. 1952இல் தஞ்சைக் குத்தகைதாரரையும் பண்ணையாளரையும் காக்க அவசரச் சட்டம் பிறப்பித்ததும் அவரது அரசே. எனினும் 'பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம்' என்று திட்டமிட்ட பொருளாதாரத்துக்கு அவர் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது. அவரும் அப்பெயராலேயே அறியப்பட்டார்.

இத்தகைய வேட்பாளரிடம் முற்போக்கினர் இருமனம் கொள்வது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1988இல் லிபர்டேரியன் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றவரும், 2008, 2012 ஆண்டுகளில் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்றவருமான ரான் பாலை இங்கு நினைவுகூரலாம். ஈராக் போரையும் போதைப்பொருள் ஒழிப்பின் பேரிலான அடக்குமுறையையும் அவர் எதிர்த்தது அந்நாட்டு முற்போக்கினர் பலரை ஈர்த்தது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் தனியார் சொத்தில் தலையிடுகிறது என்று அவர் கூறியது அதே மக்களை விலக்கியது. போர் வேண்டாம் என்பவரும், உணவு விடுதிக் கதவைக் கருப்பினத்தவருக்கு மூடும் உரிமை முதலாளிக்கு உண்டு என்பவரும் ஒரே மனிதர். இராஜாஜி 1962இல் காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்று அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு கென்னடியிடம் வேண்டியவர். அதே இராஜாஜிதான் 1953இல் குலக்கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தவர்.

3. ஆச்சாரியார் முதல் மூதறிஞர் வரை

விளிச்சொற்களின் வரலாறு இங்கு நல்ல சான்றாகிறது. திராவிட இயக்க மேடைகளில் இராஜாஜி நெடுங்காலம் 'ஆச்சாரியார்'. கோபம் மிகுந்தபோது 'குல்லுகபட்டர்'. 1960களின் நடுப்பகுதியில் அதே மேடைகளில் அவர் 'மூதறிஞர்' ஆனார். சொல் மாறியதால் பழைய வழக்குகள் தள்ளுபடியாகிவிடவில்லை.

அவ்வழக்குகள் இரண்டு. ஒன்று, 1938இல் முதலமைச்சராக இருந்து பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அப்போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர்நீத்தனர். மற்றொன்று 1953ஆம் ஆண்டின் திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். கிராமப்புறப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அது. அவ்வாண்டு சூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை, ஈ.வெ.கி. சம்பத் தலைமையில் இராஜாஜி வீட்டின் முன் நடந்த மறியல். 1954இல் அவர் பதவி விலகினார். காமராசர் பொறுப்பேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது.

முதல் வழக்கில் இராஜாஜி தம் நிலையை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். 1958இல் கல்கத்தாவில் கூடிய மொழி மாநாட்டிலிருந்து 1965 வரை, இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்த முதன்மைக் குரல்களுள் அவருடையதும் ஒன்று. 1965 மாணவர் போராட்டத்துக்குப் பின் வாக்களித்த தலைமுறைக்கு 1938 பாட்டன் காலத்துக் கதை; அவர்கள் கண்ட இராஜாஜி இந்தியை எதிர்த்த இராஜாஜி.

இரண்டாம் வழக்கு வேறு வகையினது. அதில் சுதந்திரம் என்னும் சொல்லின் பொருளே தகராறுக்குரியது. தொழில் தொடங்க அரசிடம் உரிமம் கேட்டு நிற்பது அடிமைத்தனம் என்றார் இராஜாஜி. பிறந்த வீட்டின் தொழிலிலிருந்து வெளியேற முடியாமை அடிமைத்தனம் என்றது சுயமரியாதை மரபு. உரிமம் கேட்டு நிற்கவும் ஒருவனுக்கு முதலில் எழுத்தறிவும் முதலும் வேண்டும். அவற்றைத் தரக்கூடியது அரசுப் பள்ளியும் அரசு வேலையுமே. ஆகவே அரசு சுருங்கினால் சுதந்திரம் பெருகும் என்னும் வாய்பாடு இவ்வாக்காளரிடம் செல்லுபடியாகவில்லை. இராஜாஜியின் கோட்பாட்டில் இந்த ஓட்டை தற்செயலாக நேர்ந்தது என எனக்குத் தோன்றவில்லை. சந்தையில் சமமாக நிற்கும் தனியாளை அவர் கற்பனை செய்தார்; சாதி அந்தச் சந்தைக்கு வெளியே, பண்பாட்டின் பொருளாக, அவருக்குத் தோன்றியது.

பெரியாரோ இந்தப் பிரித்துப்பார்க்கும் முறையையே ஏற்கவில்லை. 1954 முதல் காமராசரை ஆதரித்துவந்த அவர் 1967இலும் காங்கிரசையே ஆதரித்தார். எதிரணியில் இராஜாஜி இருந்தது அதற்கு முக்கியக் காரணம். இராஜாஜியோடு அவருக்கிருந்த தனிப்பட்ட நட்பு கடைசிவரை குன்றவில்லை. 1972 திசம்பரில் அவரது இறுதிச் சடங்கில் பெரியார் கண்ணீர் விட்டார். வாக்குச்சீட்டுக்கு அந்நட்பை அவர் கொண்டுசெல்லவில்லை.

4. ஒரே குற்றச்சாட்டு, இரு காரணங்கள்

மொழி மட்டுமே இவ்வணியை இணைத்தது என்பது பொதுவான விளக்கம். அது போதாது. பொருளாதாரத்திலும் இருதரப்புக்கும் ஒரு சந்திப்பு இருந்தது. ஆனால் அது ஓர் இருபொருள் சந்திப்பு.

வடநாட்டு முதலாளிகளின் ஆதிக்கத்தை அண்ணா 1940களிலேயே 'பணத்தோட்டம்' நூலில் பேசியிருந்தார். 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்னும் முழக்கம் 1950களில் தி.மு.க.வின் பொருளாதாரக் கொள்கையைச் சுருங்கச் சொன்னது. உருக்காலை எங்கே அமைவது, இறக்குமதி உரிமம் யாருக்கு என்பவற்றைத் தில்லியே முடிவு செய்தது. சேலம் உருக்காலைக் கோரிக்கை அக்காலத் தேர்தல் மேடைகளில் திரும்பத் திரும்ப ஒலித்தது. இச்சூழலில் இராஜாஜி உரிம ஆட்சியைத் தாக்கியபோது தி.மு.க. கூட்டத்தில் இருந்தவர் கைதட்டியதில் வியப்பில்லை. இராஜாஜியின் குறை, அரசு உரிமம் வழங்குகிறது என்பது. கேட்டவரின் குறை, அவ்வுரிமம் வடக்கே போகிறது என்பது. ஒருவர் உரிம முறையை ஒழிக்க விரும்பினார். மற்றவர் அதைச் சென்னைக்கு மாற்ற விரும்பினார். சேலத்துக்கு உருக்காலை கேட்டவர் அரசு உருக்காலையைத்தான் கேட்டார் என்பதை இங்கு மறக்கலாகாது.

மாநில உரிமையிலும் இதே நிலை. அதிகாரம் ஓரிடத்தில் குவிவதைச் சுதந்திராக் கட்சி எதிர்த்தது, குவிந்த அதிகாரம் தனியாளை நசுக்கும் என்பதால். தி.மு.க. எதிர்த்தது, அது தமிழரை நசுக்கும் என்பதால். 1963இல் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்தையடுத்துத் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்ட தி.மு.க.வுக்கு, மாநில சுயாட்சியைப் பேச அகில இந்திய மரியாதையுள்ள ஒரு துணை தேவைப்பட்டது. தம் கட்சிக்குத் தமிழகத்தில் அடித்தளம் இல்லை என்பதை இராஜாஜியும் 1962இல் கண்டிருந்தார்.

5. தென் சென்னை

இவ்வணி எவ்வகை வாக்காளரை ஒன்றுசேர்த்தது என்பதற்குத் தென் சென்னை நல்ல களம். மயிலாப்பூரின் வழக்கறிஞர் வீதிகள், தியாகராய நகரின் நடுத்தர வர்க்கக் குடியிருப்புகள், அடையாற்றங்கரையில் செட்டிநாட்டு அரண்மனையைச் சுற்றி வளர்ந்த இராஜா அண்ணாமலைபுரம், இவற்றை அடுத்த மீனவர் குப்பங்கள், கூலித் தொழிலாளர் குடிசைகள் எனப் பல்வகை மக்கள் அங்கு நெருங்கி வாழ்ந்தனர். 1967இல் தென் சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றவர் அண்ணா. முதலமைச்சரானதும் அவர் விட்ட இடத்தில் இடைத்தேர்தல் வழி முரசொலி மாறன் வந்தார். தியாகராய நகர்ச் சட்டமன்றத் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் வென்றவர் ம.பொ.சி.; இராஜாஜியிடம் மாறாப் பற்றுடையவர், திராவிட இயக்கத்தை ஒருகாலத்தில் கடுமையாக எதிர்த்தவர். பூணூலை ஒரு கையில் பற்றிக்கொண்டு மறுகையால் உதயசூரியனுக்கு வாக்களிக்குமாறு இராஜாஜி பிராமணர்களிடம் கூறியதாக வழங்கும் செய்தி இத்தகைய பகுதிகளில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அச்செய்தி எப்போதும் பிராமண வாக்காளரின் மனச்சங்கடமாகவே சொல்லப்படுகிறது. குலக்கல்வியை எதிர்த்து மறியல் செய்தவர், அதே தேர்தலில் இராஜாஜியின் கட்சிக்கு வாக்குச் சேகரிக்க நேர்ந்த சங்கடத்தைச் சொல்லும் கதை வழக்கில் இல்லை. அச்சங்கடமே இக்கட்டுரையின் பொருள்.

பொருள்வாரியாக இணங்கும் இம்முறைக்கு இப்பகுதியோடு தொடர்புடைய முன்னோடி ஒன்றும் உண்டு. இராஜா அண்ணாமலைபுரம் எவர் பெயரால் வழங்குகிறதோ அந்த அண்ணாமலைச் செட்டியார் 1940களில் முன்னெடுத்த தமிழிசை இயக்கத்தைக் கல்கியும் டி.கே.சி.யும் இராஜாஜியும் ஆதரித்தனர். திராவிட இயக்கத்தாரும் ஆதரித்தனர். நீதிக்கட்சி மரபும் காங்கிரசு மரபும் நாத்திக மரபும் ஒரு கோரிக்கையில் கூடி, மற்றவற்றில் பிரிந்தே நின்றன.

6. இரு குடியரசுத் தலைவர் தேர்தல்கள்

மாநிலத் தேர்தலில் சொத்துரிமை வாக்குச்சீட்டில் நேரடியாக வரவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தல்களில் வந்தது. இவற்றில் பொதுமக்கள் வாக்களிப்பதில்லை. எனினும் அவர்கள் அனுப்பிய உறுப்பினர் அளித்த வாக்கு, கட்சிகள் தம் வாக்காளரைப் பற்றிக் கொண்டிருந்த கணிப்பைக் காட்டும்.

1967 மே மாதத் தேர்தலில் சாகிர் உசேனை எதிர்த்து நின்ற எதிர்க்கட்சி வேட்பாளர் கே. சுப்பா ராவ். அவ்வாண்டு பிப்ரவரி 27இல், உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியாக, கோலக்நாத் வழக்கில் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என 6க்கு 5 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தவர் அவர். ஏப்ரலில் பதவி விலகிப் போட்டியிட்டார். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் கண்ட வேட்பாளருள் சுதந்திரவாதத்துக்கு மிக அருகில் நின்றவர் இவரே. 4,71,244 மதிப்பு வாக்குகளுக்கு எதிராக 3,63,971 பெற்றுத் தோற்றார்.

சுப்பா ராவைப் பற்றிய முற்போக்குத் தயக்கம் பிற மாநிலங்களில் நிலத்தைப் பற்றியது. தமிழகத்தில் அதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி ஆணை அடிப்படை உரிமைக்கு முரண் எனத் தள்ளப்பட்டபோது, தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியை அடுத்து முதல் அரசியலமைப்புத் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்தது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களைக் காத்ததும் அதே திருத்தமே. அதாவது அடிப்படை உரிமையைத் திருத்தும் நாடாளுமன்ற அதிகாரத்தால்தான் இங்கு இடஒதுக்கீடு பிழைத்தது. கோலக்நாத் தீர்ப்பு முந்தைய திருத்தங்களைச் செல்லாதவை ஆக்கவில்லை. இனி அவ்வழி இல்லை என்றது. அரசு அத்துமீறாமல் தடுக்கும் அரணாக சுப்பா ராவ் உரிமைகளைக் கண்டார். அந்த அரணைத் தாண்டியே உள்ளே வந்த சமூகங்களுக்கு அது வேறுவிதமாகத் தெரிந்திருக்கும். கோலக்நாத் தீர்ப்பைப் பற்றிய சட்ட ஆய்வுகள் நிலத்திலேயே நின்றுவிடுவதால் இக்கோணம் உரிய கவனம் பெறவில்லை.

1969 சூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. ஆகஸ்டு 16இல் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. காங்கிரசின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தியின் ஆதரவு பெற்ற வி.வி. கிரி சுயேச்சை. சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் நிறுத்தியவர் சி.டி. தேஷ்முக். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்தபோதுதான் 1955இல் இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியானது. சுதந்திரவாதக் கட்சி தேடிப்பிடித்த வேட்பாளர் அரசுடைமை நடவடிக்கையில் பங்கேற்றவர். கிரியோ தொழிற்சங்கத் தலைவர். 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர்.

தி.மு.க. கிரியை ஆதரித்தது. இரண்டாண்டுக்கு முன் தோளோடு தோள் நின்ற கட்சியின் வேட்பாளரை அது பொருட்படுத்தவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்டபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427, வேறுபாடு 14,650. மக்களவை உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 576, தி.மு.க.வின் 25 மக்களவை உறுப்பினரின் மதிப்பே 14,400. தமிழகச் சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 144. 1967இல் வென்ற 137 பேரைக் கொண்டு கணக்கிட்டால் 19,728. மறைவாக்கு என்பதால் ஒவ்வொரு வாக்கையும் இன்னாருடையது எனல் இயலாது, ஆயினும் தி.மு.க. வேறு பக்கம் சாய்ந்திருந்தால் கிரி வென்றிருக்க வழியில்லை.

இதை இந்திரா காந்தியோடு கொண்ட புதிய உறவாக மட்டும் காண்பது முறையன்று. தேர்வு இம்முறை மொழியைப் பற்றியதன்று, வங்கியைப் பற்றியது. அப்பொருளில் தி.மு.க. வாக்காளர் இராஜாஜியோடு ஒருபோதும் இருந்ததில்லை. 1967 மே மாதத்திலேயே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியபோது அரசின் கை எத்திசையில் நீளும் என்பது புலப்பட்டுவிட்டது.

7. 1971

1971 தேர்தலில் இராஜாஜியும் காமராசரும் ஓரணி. குலக்கல்வியைக் கொணர்ந்தவரும் அதைக் கைவிட்டவரும் ஒரே மேடையில் நின்றனர். சனவரியில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தை முன்வைத்து, இறைநம்பிக்கை காக்கும் தேர்தலாக இதனை மாற்ற அவ்வணி முயன்றது. சொத்துரிமையையும் உரிம ஆட்சியையும் பேசிய கட்சி அவற்றை ஓரங்கட்டிச் சமயத்தைப் பேசியபோது, முற்போக்கு வாக்காளரிடம் எஞ்சியிருந்த இருமனமும் தீர்ந்தது. தி.மு.க. 184, பழைய காங்கிரசு 15, சுதந்திராக் கட்சி 6. மக்களவையில் 1967இல் 44 இடங்கள் பெற்றிருந்த சுதந்திராக் கட்சி நாடு முழுவதும் 8 இடங்களுக்குச் சுருங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. தொண்ணூறு வயது கடந்த இராஜாஜி அதைத் தடுக்கத் தம்மாலியன்ற மட்டும் முயன்றார்.

1974இல் சுதந்திராக் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. 1967, 1971 தேர்தல்களில் சென்னைப் பூங்கா நகரில் நட்சத்திரச் சின்னத்தில் வென்ற எச்.வி. ஹண்டே பின்னர் அ.தி.மு.க.வில் சேர்ந்தார், 1980இல் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே சோறிடும் சத்துணவுத் திட்டம் 1982இல் தொடங்கியபோது அவர் அவ்வமைச்சரவையில் இருந்தார்.